நடுக்களத்தில் நின்றவர்

உவரிக் கடற்கரை மணலில் மாலைதோறும் பந்தாடும் பிள்ளைகளைக் கண்டு, "இது சோறு போடுமா?" என்று வருந்துவோர் நம்மில் பலர். அவர்களுக்கு ஒருவரது வாழ்வைக் கூற விழைகிறோம்.

குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையும் நம் ஊர் போன்றே கடலை நம்பி வாழும் ஊர். அங்கு 1994-இல் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். காப்போரையும் கோல் அடிப்போரையும் இணைக்கும் நடுக்கள ஆட்டக்காரர். புகழ் பெரும்பாலும் கோல் அடிப்போருக்கே, உழைப்போ இவர்களுடையது. சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடியவர், 2019 ஜூனில் தாய்லாந்தில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். 2020 மார்ச்சில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றபோது, அவரும் உடன்பிறந்த ரெஜினும் அவ்வணியில் இருந்தனர்.

அவ்வாண்டே நவம்பர் 20 அன்று, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் பலத்த காயம். அப்பருவம் முழுவதும் ஆட இயலவில்லை. எனினும் மனந்தளராது மீண்டும் களம் கண்டார்.

ஆதலால் பிள்ளையின் பந்தைப் பறிக்காதீர்கள்; பாடநூலையும் விடவிடாதீர்கள். முழங்கால் ஒரு நொடியில் கைவிடலாம். கற்ற கல்வி கைவிடாது.