தே தாரிக்கும் மாட்டின் ஏப்பமும்

லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோடு, அங்கு ஒருகாலத்தில் நடந்த மாட்டு வணிகத்தை நினைவூட்டும் பெயர். இன்று பொங்கலுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைத்தான் அந்த வட்டாரத்தில் பார்க்கிறோம். சென்ற பொங்கலின்போது, “மாடு ஏப்பம் விட்டால் பூமி சூடாகுமா?” என்று என் தம்பி கேட்டான்.

ஆகும். மாட்டின் முதல் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது உருவாகும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. அது பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக்கூடியது மீத்தேன்.

எல்லா மாடுகளும் ஒரே அளவில் அதை வெளியிடுவதில்லை. நான்கு ஐரோப்பிய நாடுகளில் சுமார் 1,000 கறவை மாடுகளை ஆராய்ந்து 2019ல் வெளியான ஆய்வு, இரைப்பை நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மாட்டின் மரபணுவைப் பொறுத்து அமைகிறது எனக் காட்டியது. மீத்தேன் குறைவாக வெளியிடும் ஹோல்ஸ்டீன் மாடுகளைத் தேர்ந்தெடுக்க, கனடா 2023ல் மரபணு மதிப்பீட்டைத் தொடங்கியது. பலன் மெதுவாகவே கிட்டும். ஆனால் தலைமுறைதோறும் கூடும்.

உலக மீத்தேன் வெளியேற்றத்தை 2030க்குள், 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழியில் சிங்கப்பூரும் இணைந்துள்ளது. ஆனால், நாம் இறக்குமதி செய்யும் பாலுக்கான மீத்தேன் பிற நாடுகளின் கணக்கில்தான் ஏறுகிறது. கணக்கு அவர்களுடையது; தே தாரிக் நம்முடையது. அந்தப் பால் எப்படிப்பட்ட மாட்டிலிருந்து வருகிறது என்று வாங்கும் நாமும் கேட்கத் தொடங்க வேண்டும்.