பண்ணைப்புரத்துக்கு எப்போ பாரத ரத்னா?

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் இளையராஜா பாட்டு ஓடாவிட்டால்தான் அதிசயம். அந்தப் பாட்டோடு சேர்ந்து ஒரு பட்டிமன்றமும் ஓடும்.

"ராஜாவுக்கு இன்னும் ஏன் பாரத ரத்னா கொடுக்கலை?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அட போங்கண்ணே, எம்.எஸ்.வி-க்கு ஒரு பத்மஸ்ரீகூட வரலை. முதல்ல அதைக் கேளுங்க" என்று இன்னொருவர் மடக்குவார். அதோடு சீட்டு கிடைக்காமல் நிற்பவர்கூட வாதத்தில் இறங்கிவிடுவார்.

இருவர் சொல்வதும் நியாயம்தான். பண்ணைப்புரத்தில் பிறந்து, 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜாவுக்கு 2010-ல் பத்ம பூஷண், 2018-ல் பத்ம விபூஷண் கிடைத்தன. 2025 மார்ச்சில் லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு பாராட்டு விழா எடுத்தது. அந்த மேடையிலும் பாரத ரத்னா கோரிக்கை ஒலித்தது.

எம்.எஸ்.விஸ்வநாதன் கதை வேறு. 2012-ல் தமிழக அரசு அவருக்கும் டி.கே.ராமமூர்த்திக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தது. பத்ம விருது மட்டும் வரவே இல்லை. 2015-ல் அவர் மறைந்துவிட்டார்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ராக் இசைக்கென்றே 'ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டுகள் ஆனால்தான் தகுதி. 1968-ல் முதல் ஆல்பம் போட்ட 'டீப் பர்ப்பிள்' குழுவுக்கு 2016-ல்தான் கதவு திறந்தது. அதற்குள் அதன் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் 2012-லேயே காலமாகிவிட்டார்.

தாமதத்தின் வலி அதுதான். எஸ்.ஜானகி 2013-ல் பத்ம பூஷணை வேண்டாம் என்றதும் அதனால்தான். காலம் கடந்து வந்த மரியாதை என்றார் அவர்.

எந்தப் பட்டியலிலும் வராத ஒருவரும் இந்த மண்ணில் உண்டு. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். பொதுவுடைமை மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடியவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில் அவர் பாட்டுதான் பிரசாரம். தம்பிகளுக்கு முதல் மேடை அவர் போட்டுக் கொடுத்தது. விருது பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்ல அநேகமாக யாருக்கும் தோன்றுவதில்லை.

சரி, ரசிகர் என்ன செய்ய முடியும்? பாரத ரத்னா பிரதமரின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் தருவது. அதில் நம் கை எட்டாது. ஆனால், பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அவர் என்ன சாதித்தார் என்று எழுதிக் கொடுத்தால் போதும். கட்டணம் கிடையாது.

மறைந்தவர்களுக்குப் பத்ம விருது கிடைப்பது அபூர்வம். எஸ்.பி.பி-க்கு 2021-ல் கிடைத்தது விதிவிலக்கு. அதனால், விட்டுப்போனவர்களுக்காகச் சண்டை போடும் நேரத்தில் பாதியை, இன்றும் நம் ஊர்களில் வாசித்துக்கொண்டிருக்கும் நாகஸ்வர, தவில், கிராமியக் கலைஞர்களுக்காகச் செலவழிக்கலாம். அவர்கள் காதில் விழும்போதே கைதட்டல் கேட்கட்டும்!