அழிக்க வேண்டியதும் காக்க வேண்டியதும்

கம்ப்யூட்டர்களில் ஏற்றப்படும் தனிமனித விவரங்களைப் பாதுகாக்கும் பொருட்டு, 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதற்குரிய விதிகள் 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெளியாயின. எந்தக் காரியத்திற்காக ஜனங்களின் விவரங்கள் பெறப்பட்டனவோ, அக்காரியம் முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும் என்று அச்சட்டம் கம்பெனிகளுக்குக் கட்டளையிடுகிறது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் தருகிறது. இச்சட்டத்தின் நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ‘அழிக்க வேண்டும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு, அழிக்கத் தகாதவற்றையும் அழித்துவிட நினைப்போர் வியாபார உலகில் இல்லாமற் போகவில்லை. ஆகவே, இவ்விஷயத்தில் பிற நாட்டார் பட்ட பாட்டை நமது நேயர்களுக்கு எடுத்துக் கூறுவது அவசியமாகிறது.

ஆர்தர் ஆண்டர்சன் என்பது 1913-ம் வருஷம் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் தோன்றிய கணக்குத் தணிக்கைக் கம்பெனி. உலகத்தின் ஐந்து பெரிய தணிக்கைக் கம்பெனிகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. சுமார் 85,000 பேர் அதில் ஊழியம் செய்தனர். ஹூஸ்டன் நகரத்து என்ரான் கம்பெனியின் கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வந்தது இந்தக் கம்பெனியே. மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்சார நிலையத்தை அமைக்க வந்த அதே என்ரான்தான். அப்பெயரை நமது நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2001-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, மூன்று மாதத்தில் 61 கோடியே 80 லட்சம் டாலர் நஷ்டம் என்று என்ரான் அறிவித்தது. உடனே, பங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்கக் கமிஷன் விவரம் கேட்கத் தொடங்கியது. நஷ்டம் வெளியாவதற்கு நான்கு நாள் முன்னரே, ஆண்டர்சன் கம்பெனியின் வக்கீல் ஒருவர், தஸ்தாவேஜுகளை வைத்திருப்பதும் அழிப்பதும் பற்றிய கம்பெனி விதிகளை நினைவூட்டி ஹூஸ்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 23-ந் தேதி, என்ரான் கணக்குக்குப் பொறுப்பான கூட்டாளி அவ்விதிகளின்படி நடக்குமாறு சிப்பந்திகளுக்குக் கட்டளையிட்டார். காகிதம் நறுக்கும் யந்திரங்கள் ஓடத் தொடங்கின. நவம்பர் 8-ந் தேதி கமிஷனின் சம்மன் வந்து சேரும்வரை அவை ஓயவில்லை. காகிதத்தோடு மின்னஞ்சல்களும் அழிந்தன. பயிருக்குக் காவலாக நின்ற வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு உதாரணம் வேண்டுமோ?

அவ்வருஷம் டிசம்பர் 2-ந் தேதி என்ரான் திவாலாயிற்று. 2002-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி ஜூரிகள் ஆண்டர்சன் கம்பெனியைக் குற்றவாளி என்றனர். ஆகஸ்டு மாத முடிவில் அது அமெரிக்காவில் தணிக்கைத் தொழிலையே விட்டு விலகியது. 2005-ம் வருஷம் மே 31-ந் தேதி அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ஒருமனதாக ரத்துச் செய்தது. தவறு என்று தெரிந்தே செய்தார்களா என்னும் கேள்வி ஜூரிகளுக்குச் சரிவர விளக்கப்படவில்லை என்பதே காரணம். ஆனால், போன பெயர் திரும்பவில்லை; கலைந்த கம்பெனி கூடவில்லை. குற்றத்தில் யாதொரு பங்குமற்ற ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களும் கணக்கர்களும் வேலை இழந்ததுதான் மிச்சம்.

சாதாரண காலத்தில், விதிப்படி பழைய காகிதங்களை அழிக்கச் சொல்வது தவறன்று என்பதை அந்தச் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. அது நியாயமே. ஆண்டர்சன் கம்பெனியிடம் விதி இருந்தது குற்றமன்று. விசாரணை வாசலுக்கு வந்தபோது மட்டும் அவ்விதி நினைவுக்கு வந்ததே குற்றம் என்பது நமது அபிப்பிராயம். 2002-ம் வருஷத்தில் அமெரிக்கா இயற்றிய புதிய சட்டம், விசாரணையைத் தடுக்கும் எண்ணத்தோடு தஸ்தாவேஜுகளை அழிப்போருக்கு 20 வருஷம் வரை சிறைவாசம் விதித்தது.

இனி, அழிக்க வேண்டியதை அழிக்காமற் போனவர்களின் கதையைப் பார்ப்போம். மார்கன் ஸ்டான்லி என்னும் பெரிய அமெரிக்க நிதிக் கம்பெனி, தன் பழைய ஹார்டு டிஸ்குகளையும் கம்ப்யூட்டர்களையும் அப்புறப்படுத்தும் வேலையை, விவரங்களை அழிக்கும் தொழிலில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றும் கம்பெனியிடம் ஒப்படைத்தது. வாடிக்கைக்காரர்களின் அந்தரங்க விவரங்கள் அழிக்கப்படாமலே அவற்றுட் சில ஏலத்தில் விலைபோயின. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கைக்காரர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக, 2022-ம் வருஷம் செப்டம்பரில் மேற்சொன்ன அமெரிக்கக் கமிஷன் 3 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பெனியே இவ்வாறு செய்தால், ஆதார் அட்டை, பான் அட்டை ஆகியவற்றின் ஜெராக்ஸ் பிரதிகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடும் காரியாலயத்தைப் பற்றி என்ன சொல்வது? கடன் கேட்டு வந்த ஏழையின் கையெழுத்து பொட்டலம் மடிக்கவோ பயன்பட வேண்டும்?

அழிப்பதிலும் அரைகுறை ஆகாது. 1979-ம் வருஷம் டெஹ்ரானில் அமெரிக்க ஸ்தானிகர் காரியாலயம் கைப்பற்றப்பட்டபோது, அங்கே நீள நீளமாக நறுக்கப்பட்டுக் கிடந்த ரகசியக் காகிதங்களை ஈரானியர் பொறுமையோடு ஒட்டுச் சேர்த்துப் புத்தகங்களாகவே வெளியிட்டுவிட்டனர். இக்காரணம் பற்றியே, காகிதத்தை எவ்வளவு சிறு துணுக்காக நறுக்க வேண்டும் என்பதை ஜெர்மானியரின் தர நிர்ணயம் ஏழு படிகளாக வகுத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தி நீக்கியது உண்மையில் நீங்கிவிடுவதில்லை என்பதையும் வியாபாரிகள் உணர வேண்டும்.

நமது நாட்டுக் கம்பெனிகள் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது? முதலாவது, எந்தக் காகிதம் எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும். கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷத்திற்குக் குறையாமல் வைத்திருக்கும்படி 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய விவரங்களை அழிக்கச் சொல்லிப் புதிய சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அச்சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கணக்கை எரிக்க எவருக்கும் உரிமை இல்லை. இரண்டாவது, விசாரணையோ வழக்கோ வருமென்று தெரிந்த கணமே அழிப்பு வேலை அடியோடு நிற்க வேண்டும். மூன்றாவது, எது, எப்போது, யார் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் அழியாமல் இருக்க வேண்டும். பட்டப்பகலில் சாட்சி வைத்து அழிப்பவனுக்கு அச்சம் ஏது?

காகிதம் பிழைத்திருப்பதால் ஏழைக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். ஆப்பிரிக்காவைப் பார்க்கட்டும். 1961-ம் வருஷத்தில், தங்களுக்குத் தலைகுனிவு தரக்கூடிய தஸ்தாவேஜுகளைச் சுதந்திரம் பெறும் நாடுகளின் கையில் விட்டுச் செல்லக் கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் தன் குடியேற்ற நாட்டு அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது. பல எரிந்தன; சில இங்கிலாந்துக்குச் சென்று ஒளிந்தன. ஒளிந்தவை 2011-ம் வருஷத்தில், சித்திரவதைக்குள்ளான கென்யா நாட்டு முதியவர்கள் தொடுத்த வழக்கின்போது வெளிப்பட்டன. 2013-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்தச் சர்க்கார் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுன் கொடுக்க இசைந்தது. எரிந்துபோன காகிதங்களோடு எத்தனை பேருடைய நியாயம் எரிந்ததோ, யார் அறிவார்!

ஆகையால், தேசத் தொண்டர்கள் இதைக் கணக்கப்பிள்ளைகளின் கவலை என்று ஒதுக்கிவிடலாகாது. பங்குதாரராயினும், தொழிற்சங்கத்தினராயினும், கூட்டுறவுச் சங்க அங்கத்தினராயினும், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, “நமது தஸ்தாவேஜு விதி எழுத்தில் இருக்கிறதா? கடைசியாக எதை, எப்போது அழித்தீர்கள்?” என்று கேளுங்கள். அங்கத்தினர் ஜாபிதாவும் நன்கொடை ரசீதுகளும் கொண்ட நமது சொந்தச் சங்கங்களிலிருந்தே அக்கேள்வி தொடங்கட்டும். பிறர் நம்மை நம்பிக் கொடுத்த ரகசியத்தைக் காலத்தில் அழிப்பதும், நாம் பிறருக்குச் சொல்ல வேண்டிய கணக்கைக் கடைசிவரை காப்பதும் ஒரே நாணயத்தின் பாற்பட்டவை. இதில் ஒன்றைச் செய்து மற்றொன்றைக் கைவிடும் ஸ்தாபனம் எதுவாயினும், அது பொதுஜன நம்பிக்கைக்குப் பாத்திரமாகாது.