பின்வாசல் வழியாக ஒரு பேய்

ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு சாமான் வாங்குகிறீர்கள். அதில் எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியது நீங்களா, விற்றவனா? மிக்ஸி விஷயத்தில் இந்தச் சந்தேகமே வராது. 'எங்கள் கம்பெனி தேங்காயைத்தான் அரைக்க வேண்டும்' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. (ஐடியா கொடுத்ததாக ஆகிவிடப் போகிறது!) ஆனால் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட் விஷயத்தில் இது நிஜமான கேள்வி.

மெட்டா கம்பெனியின் க்வெஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் க்வெஸ்ட் 2019-ல் வந்தது. இரண்டாவது 2020-ல், மூன்றாவது 2023-ல். உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டை ஒட்டிச் செய்த சிஸ்டம். அதாவது உங்கள் செல்போனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதனால் கம்பெனியின் கடைக்குப் போகாமல், வெளியிலிருந்தும் ஓர் ஆப்பைக் கொண்டுவந்து இதில் போடலாம். அதற்குப் பெயர் சைட்லோடிங்.

என் அக்கா பையன் இந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். ஏதோ கள்ளச்சாராயம் மாதிரி.

"மாமா, இதெல்லாம் தப்பு இல்லையா? போலீஸ் கீலீஸ் வராதே?"

"டேய், பூட்டை உடைச்சாத்தான் தப்பு. வீட்டுக்காரனே சாவியைக் கொடுத்தா என்ன தப்பு?"

விஷயம் அவ்வளவுதான். சாவியை மெட்டாவே தருகிறது. டெவலப்பர்களுக்கான அதன் தளத்தில் உங்கள் அக்கவுன்ட்டில் நுழைந்து ஒரு 'ஆர்கனைசேஷன்' பெயரைப் பதிவு செய்ய வேண்டும். (ஆர்கனைசேஷனில் ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றாலும் பரவாயில்லை.) போன் நம்பரோ கார்டோ கொடுத்து, நிஜ ஆசாமிதான் என்று காட்ட வேண்டும். பிறகு செல்போனில் உள்ள மெட்டா ஆப்பில் 'டெவலப்பர் மோட்' என்பதை ஆன் செய்து, ஹெட்செட்டை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்தால், இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று கண்ணெதிரே ஒரு கேள்வி மிதக்கும். சம்மதித்தால், சைட்க்வெஸ்ட் போன்ற ஒரு புரோகிராம் மூலம் ஆப்பை உள்ளே தள்ளலாம். அது ஹெட்செட்டில் 'அன்னோன் சோர்ஸஸ்' என்ற தலைப்பின் கீழ் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ஊர் பேர் தெரியாதவர்கள்' என்று அர்த்தம்.

கடையில்தான் எல்லாம் கிடைக்கிறதே, பின்வாசல் எதற்கு என்று கேட்பீர்கள். வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று ஓர் ஆப். கம்ப்யூட்டரில் ஓடும் வி.ஆர். விளையாட்டை ஒயரே இல்லாமல் ஹெட்செட்டுக்கு அனுப்பும் வித்தை அதில் இருந்தது. 2019-ல் அந்த வசதியை எடுத்துவிடச் சொன்னது கடை. எழுதிய கை கோடின் சண்டைக்குப் போகவில்லை. கடையில் விற்ற ஆப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, அதே வசதியை சைட்க்வெஸ்ட் வழியாகக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கியவர்கள் பின்வாசல் வழியாகப் பெற்றுக்கொண்டார்கள். 2021-ல் கடையே மனம் மாறி அதை அனுமதித்தது. அதே வருஷம் ஏர் லிங்க் என்ற பெயரில் கம்பெனியும் தன் சொந்த ஒயர்லெஸ் சரக்கை இறக்கியது! பின்வாசல் இல்லாமல் இருந்திருந்தால், ஒயர் தடுக்கி விழுந்துகொண்டே இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆக, வாசல் சட்டப்படி சரி. அதன் வழியாக வரும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் வம்பே.

நல்ல உதாரணம் டூம். 1993-ல் வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வேலை நேரத்தைத் தின்ற அதே பேய் சுடும் விளையாட்டுதான். அதை ஓட்டும் எஞ்சினின் மூலப் புரோகிராமை, எழுதிய கம்பெனியே 1997-ல் வெளியிட்டது. அதை வைத்து டீம் பீஃப் என்ற குழு (பெயர் நான் வைத்ததல்ல) க்வெஸ்ட்டுக்கு ஏற்ற டூமைச் செய்திருக்கிறது. ஆனால் பேய்கள், அறைகள், சங்கீதம் எல்லாம் அடங்கிய டேட்டா ஃபைல் தனிச் சொத்து. முதல் பாகம் ஷேர்வேராக இலவசம். மிச்சம் வேண்டுமென்றால் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, அதிலிருந்து ஃபைலை எடுத்துப் போட வேண்டும். எஞ்சின் ஓசி, பேய்க்குக் காசு! நண்பனின் பென் டிரைவிலிருந்து பேயை மட்டும் உருவிக்கொண்டால் அது திருட்டு.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காகவோ லாபத்துக்காகவோ செய்யவில்லை என்றால் கோர்ட் சிறையை விட்டுவிடலாம். அப்போதும் 50,000 ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. விளையாட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

சட்டத்தை விடுங்கள். விலையுள்ள விளையாட்டை ஒருவன் சும்மா தருகிறான் என்றால் அவனுக்கு என்ன லாபம்? உங்கள் முகத்தில் மாட்டியிருக்கும் சாமானில் வெளியே பார்க்கும் காமிராக்கள் இருக்கின்றன. மைக் இருக்கிறது. நீங்களோ கண்ணை மூடிக்கொண்டவர் மாதிரி நடு ஹாலில் நிற்கிறீர்கள். பிக்பாக்கெட்காரனுக்கு இதைவிட நல்ல கிராக்கி கிடைக்குமா?

எனவே சில வீட்டுப் பாடங்கள். ஆப்பை எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்தோ, அவரே போட்டு வைத்த இடத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் 'எப்போதும் அனுமதி' என்பதைத் தொடாதீர்கள். செஸ் ஆடும் ஆப் மைக்கைக் கேட்டால், எதற்கு என்று யோசியுங்கள். வேலை முடிந்ததும் டெவலப்பர் மோடை அணைத்துவிடுங்கள். இப்படிப் போட்ட ஆப்புக்குக் கடை வழியாகப் புதுப் பதிப்பு வராது, நீங்களேதான் தேடிப் போட வேண்டும். அழித்தால், பேயை விரட்டி விரட்டிச் சேர்த்த ஸ்கோரும் கூடவே போய்விடலாம்.

தலைசுற்றல் வேறு. உடம்பு சும்மா இருக்க, கண்ணெதிரே உலகம் ஓடினால் காதுக்குள் இருக்கும் பேலன்ஸ் சமாசாரம் குழம்பி, வயிறு புரளும். படம் விட்டு விட்டு ஓடினால் இன்னும் மோசம். ஊர் பேர் தெரியாத ஆப்பைக் கடைக்காரர் யாரும் ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் தரவில்லை. முதல் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தே பாருங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

கல்யாண மண்டபத்துக்கும் பின்வாசல் உண்டு. காய்கறி மூட்டையும் சமையல்காரரும் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். செருப்புத் திருடனும் சில சமயம் அப்படித்தான் வருகிறான். அதற்காகப் பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்தால் சாப்பாடு வராது. வாசலில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். உங்கள் ஹெட்செட்டுக்கு அந்த ஆள் நீங்கள்தான். மாட்டிக்கொண்ட பிறகு எதுவும் தெரியாது. மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.