பெருக்க அரை மணி, பிரிக்க ஒரு யுகம்

193707721, 761838257287. இந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். பொறுமையும் ஒரு தாளும் இருந்தால் அரை மணி நேர வேலை. விடை 147573952589676412927. இப்போது விடையை மட்டும் தந்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கியதால் இது வந்தது என்று கேட்டால்? கணித உலகமே திணறிய கேள்வி இது.

67 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண் என்று 1644இல் இதைப் பட்டியலிட்டார் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. அது தவறு என்று 1876இல் நிரூபித்தார் எட்வர் லூக்கா. வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது. வீட்டுக்குள் திருடன் இருப்பது உறுதி, எந்த அறையில் என்பதுதான் தெரியவில்லை என்கிற மாதிரி. அந்த அறையை 1903இல் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். இடையே 27 ஆண்டுகள்.

'இது பகா எண்ணா?', 'இதன் காரணிகள் எவை?' இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் முன்னது எளிது, பின்னது மகா கடினம். 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. ரகசியக் குறியீட்டு முறை இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறிய வெளியிடுவார்கள். செய்தியைப் பூட்ட அது உதவும். திறக்கவோ காரணிகள் தெரிய வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் எண்களுக்கு 617 இலக்கங்கள். 2020இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்கவே ஆயிரக்கணக்கான கணினிகள் மாதக்கணக்கில் உழைத்தன.

2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மனீந்திர அகர்வாலும் அவரது மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் ஒரு சாதனை செய்தார்கள். எந்த எண்ணும் பகா எண்தானா என்று ஊகத்துக்கே இடமின்றி, நியாயமான கால அளவில் சொல்லும் வழி அது. அப்படியானால் பூட்டு உடைந்துவிட்டதா? இல்லை. அவர்கள் விடை கண்டது முதல் கேள்விக்கு. காரணிகளைத் தேடும் வேலை அப்படியே இருக்கிறது.

கவலை வேறு இடத்தில். காரணி காண்பது கடினம் என்பதை யாரும் இதுவரை நிரூபித்ததில்லை. எளிய வழி இன்னும் அகப்படவில்லை, அவ்வளவுதான். குவாண்டம் கணினி வந்தால் சுலபமாக முடியும் என்று 1994இலேயே காட்டிவிட்டார் பீட்டர் ஷோர். அதற்குப் போதுமான பெரிய இயந்திரத்தை யாரும் இன்னும் செய்து காட்டவில்லை. ஆனாலும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில், காரணிகளை நம்பாத புதிய பூட்டுகளை அறிவித்துவிட்டது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. இன்று பூட்டி அனுப்பும் தகவலை ஒருவர் அப்படியே சேமித்து வைத்து, இயந்திரம் வந்தபின் திறந்து படிக்கலாம். நேற்றைய ஏ.டி.எம். கணக்கு அப்போது யாருக்கும் பயன்படாது. ராணுவத் திட்டமும் நோயாளியின் மருத்துவக் குறிப்பும் அப்படியல்ல. முப்பது ஆண்டு காக்க வேண்டிய ரகசியத்துக்கு இன்றே பூட்டை மாற்றியாக வேண்டும்.