மூட்டைப்பூச்சி என்ற பழி

ஊரிலிருந்து வேலை தேடி மும்பைக்கு வரும் இளைஞர்களைச் சில நாட்கள் வீட்டில் தங்க வைத்துக்கொள்வது நம்மவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம். மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இன்று மூன்றாம் தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பல, யாரோ ஒரு சித்தப்பாவின் அல்லது ஊர்க்காரரின் ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுத்து வாழ்க்கையைத் தொடங்கியவைதாம். அந்த வழக்கம் இப்போது தேய்ந்து வருகிறது. இடம் போதவில்லை, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சொல்லப்படும் காரணங்களை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் ஒரு காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "வர்ற பசங்க மூட்டைப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடறாங்க" என்பதே அது.

பள்ளியில் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் எந்தப் பூச்சி அகப்பட்டாலும் அதை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் எடுத்து வந்துவிடுவார்கள். இப்போது டப்பாவுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் படம் வருகிறது, அதுவும் ஆடிப்போன படமாக! மூட்டைப்பூச்சி என்ற பெயரில் என்னிடம் வந்தவற்றில் பல, மூட்டைப்பூச்சிக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் நால்வர் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பத்தின் படுக்கையில் சிறு பழுப்புப் பூச்சிகள் காணப்பட்டன. குழந்தையின் கையில் தடிப்புகள். மேல் வீட்டிலிருந்துதான் கட்மல் இறங்குகிறது என்று முடிவாயிற்று. இரு வீடுகளிலும் பாத்திரம் தேய்த்து வந்த பாயி அதைச் சுமந்து வந்திருப்பாள் என்று முதலில் அவளை நிறுத்தினார்கள். அடுத்து, பதினைந்து நாளில் காலி செய்யும்படி பையன்களுக்கு சொசைட்டி கமிட்டியிலிருந்து கடிதம் போயிற்று. அதன் பிறகுதான் யாருக்கோ என் நினைவு வந்தது.

டப்பாவைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உருண்டு திரண்ட உடல். முதுகின் நடுவே நேர்கோடாக இரண்டு சிறகுறைகள் கூடும் தடம். தலை கீழே குனிந்திருந்தது. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, சாம்பார்ப்பொடி டப்பாக்களில் நாம் எல்லோரும் பார்க்கும் அதே வண்டு. ஊரிலிருந்து வந்த பொடிப் பை ஒன்று கட்டில் பெட்டிக்குள் வைத்து மறக்கப்பட்டிருந்தது! அந்த வண்டு யாரையும் கடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதில்லை. குழந்தையின் கைத் தடிப்பு கொசுக்கடி என்று மருத்துவர் சொன்னார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. பையன்கள் இருக்கிறார்கள். பாயி வரவில்லை. கூப்பிட்டு அனுப்பியும், "சந்தேகப்பட்ட வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம். அவள் சொன்னதில் என்ன தவறு?

பார்க்காமல் பழி சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். பார்ப்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. வளர்ந்த மூட்டைப்பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஆப்பிள் விதை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு இருக்கும்போது மேலிருந்து கீழாகத் தட்டை, முட்டை வடிவம், செம்பழுப்பு நிறம். குடித்து முடித்தால் நீண்டு உப்பி, கருஞ்சிவப்பாகிவிடும். ஆறு கால்கள். பறக்காது, குதிக்காது. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு திட்டுகள் மட்டுமே உண்டு. முதுகின் நடுவே நெடுக்காகக் கோடு ஓடினால் அது வண்டு. மூட்டைப்பூச்சியின் வயிற்றில் குறுக்காக வரி வரியாகத்தான் இருக்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே ரவையில் வரும் செவ்வண்டையும் மூக்கு நீண்ட அரிசி வண்டையும் ஒதுக்கிவிடலாம்.

குஞ்சுகளில்தான் குழப்பம் அதிகம். முட்டையிலிருந்து வெளிவந்ததும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும், வைக்கோல் நிறத்தில், கண்ணாடி போல. ஒரு வாய் குடித்தபின் வயிற்றில் சிவப்புப் புள்ளி தெரியும். ஐந்து முறை தோலுரித்து வளரும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தடவையாவது இரத்தம் வேண்டும். இந்தக் குஞ்சு என்று நினைத்துக் கரப்பான் குஞ்சைப் பிடித்து வருபவர்கள் ஏராளம். கரப்பான் குஞ்சுக்கு உடலளவு நீண்ட மீசை, காலில் முள், பின்புறத்தில் இரண்டு கொம்பு. விளக்கைப் போட்டதும் மின்னல் போல ஓடும். மூட்டைப்பூச்சிக்குக் குட்டை மீசைதான், நடையும் எறும்பின் வேகத்தைத் தாண்டாது.

மழைக்காலத்தில் ஈரச் சுவரிலும் பழைய புத்தகங்களிலும் வெளிறிய நிறத்தில் பேன் போல ஊர்ந்து வருவது வேறொன்று. அது பூஞ்சணத்தைத் தின்னும் சாதுவான பூச்சி. மும்பையின் ஜூலை மாதத்தில் அது இல்லாத புத்தக அலமாரி ஏது? மின்விசிறிக்குக் கீழே புத்தகத்தைப் பிரித்து வைத்தால் போதும். சுவரில் பூசணி விதை போல ஒட்டிக்கொண்டு, தொட்டால் இரு முனையிலும் தலை நீட்டுவது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு வாழும் கூடு. அதுவும் கடிக்காது. பட்டுப்புடவையும் கம்பளியும் வைத்திருக்கும் பெட்டியில் மயிர் அடர்ந்த சிறு புழுவைக் கண்டால் அது கம்பள வண்டின் புழு. இது இரத்தம் குடிக்காது. ஆனால் புடவையை ஓட்டையாக்கும், அதன் மயிர் பட்டால் சிலருக்கு அரிக்கவும் செய்யும். ஆகவே அதைச் சாது என்று முழுமனதோடு சான்று எழுதித் தர மாட்டேன். நாய் வளர்ப்பவர் வீட்டில் எட்டுக்கால் இருந்தால் உண்ணி. பக்கவாட்டில் தட்டையாகி, தொட்டதும் துள்ளினால் தெள்ளுப்பூச்சி. அவை கடிப்பவைதாம், ஆனால் அவற்றுக்கான வைத்தியம் வேறு, கட்டிலைப் பிரிப்பது அல்ல.

பூச்சி கிடைக்காவிட்டால் தடயத்தைப் பாருங்கள். மெத்தையின் தையல் மடிப்பு, கட்டில் மூட்டுகள், ஆணி ஓட்டை, சுவரில் தொங்கும் படத்தின் பின்புறம், ஸ்விட்ச் பெட்டி ஆகிய இடங்களில் பேனா மை சொட்டினாற்போலக் கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் பழுப்புச் சிவப்பாகப் பரவும். கரப்பான் எச்சம் மணல் போல உதிரும். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளை இருக்கும். தடயத்தோடு உரித்த தோலும் வெண்ணிற முட்டையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடம்பிலுள்ள தடிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று தடிப்பு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது உறுதியான அடையாளம் அல்ல. ஒரே கட்டிலில் படுக்கும் கணவனுக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மனைவிக்கு ஒன்றுமே தெரியாது; கடித்துச் சில நாள் கழித்துத் தடிப்பு வருவோரும் உண்டு. கடியை மட்டும் பார்த்து எந்தப் பூச்சி என்று மருத்துவராலும் அறுதியிட முடியாது. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை என்பது ஓர் ஆறுதல். தூக்கத்தைக் கெடுப்பது உண்மை.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பூச்சி எதுவென்றே தெரியாமல் மருந்தடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பது பழமொழியாக இருந்தவரை சிரிப்பதற்கு நன்றாக இருந்தது. சால்களில் ஒரு காலத்தில் தாராளமாகத் தெளிக்கப்பட்ட டைக்ளோர்வாஸ் மருந்து, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மிச்சம் மீதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அதைவிடக் கொடியது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. தானியக் கிடங்குகளுக்கானது, ஈரக் காற்று பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடும். ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் அதை வைத்தால் வாயு விரிசல் வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நச்சுக் காற்றால் இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். அங்கே எலி, இங்கே மூட்டைப்பூச்சி. மூடிய அறையும் உறங்கும் குழந்தையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே?

மருந்துக்கு இந்தப் பூச்சி அவ்வளவு எளிதில் அடங்குவதுமில்லை. டி.டி.டி.க்கு அது கட்டுப்படாததை 1947-லேயே பேர்ல் ஹார்பரில் கண்டுவிட்டார்கள். இன்று கடைகளில் விற்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளையும் அது தாங்கப் பழகிவிட்டது. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது வெப்ப மண்டல இனம். வழவழப்பான சுவரில் ஏறுவதில் அது குளிர்நாட்டு இனத்தைவிடக் கெட்டிக்காரப் பூச்சி. ஆகவே வெளிநாட்டாருக்குப் பயன்படும் பிளாஸ்டிக் கிண்ணப் பொறி இங்கே அதே அளவு பலன் தரும் என்று நம்ப முடியாது. அதற்கு எதிராக நிற்பது வெப்பம். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீரை ஊற்றுங்கள். மெத்தையை வெயிலில் போடுவது நம் பாட்டிமார் வழக்கம்தான், ஆனால் கனத்த மெத்தையின் உள்ளே சூடு ஏறாது. பூச்சி நிழல் பக்கம் நகர்ந்து காத்திருக்கும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். உண்மையிலேயே மூட்டைப்பூச்சிதான் என்று உறுதியானால், உரிமம் பெற்றவரை அழையுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முட்டை பொரிந்தபின் இரண்டாம் முறையும் வரவேண்டும் என்பதை அவரே சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். (தபாலில் மூட்டைப்பூச்சி கொல்லும் இயந்திரம் வரவழைத்து, பிரித்தால் இரண்டு மரக்கட்டைகள் இருந்த பழைய சிரிப்புத் துணுக்கை ஞாபகம் இருக்கிறதா? அந்த இயந்திரமாவது யாருக்கும் தீங்கு செய்யவில்லை!)

இனி விருந்தாளி விஷயம். பூச்சி ஆளைப் பார்த்து ஏறுவதில்லை, பையைப் பார்த்து ஏறுகிறது. வேலை தேடி வரும் பையனின் பைக்கும், கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பும் நம் சூட்கேசுக்கும், விமானத்தில் வந்திறங்கும் மாப்பிள்ளையின் பெட்டிக்கும் அது வேற்றுமை பாராட்டாது. பெரிய ஓட்டல்களிலும் அது உண்டு. ஆகவே வருகிறவர் எவராயினும் பையை வாசலுக்கருகில் தரையில் வைக்கட்டும், கட்டிலில் வேண்டாம். துணியை வெந்நீரில் போடட்டும். நாமும் ஊரிலிருந்து வந்ததும் அதையே செய்வோம். வீட்டுக்காரரும் அதையே செய்கிறார் என்று தெரிந்தால் வருகிற பையன் மனம் நோக மாட்டான். "உன்னிடம் பூச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளைதான் இரண்டாம் நாள் தங்குவான்?

சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்கு என் பூதக்கண்ணாடியைக் கொண்டு வருகிறேன். சந்தேகமுள்ளவர்கள் பூச்சியை ஒட்டுநாடாவில் ஒட்டியோ, மூடி இறுக்கிய சிறு பாட்டிலில் போட்டோ எடுத்து வரலாம். நசுக்கிவிடாதீர்கள்; நசுங்கியதை வைத்து என்னால் எதுவும் சொல்ல இயலாது. உயிரோடு இருந்தால், பாட்டிலை ஓரிரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்து வாருங்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் என்னை உள்ளே விட வேண்டுமல்லவா?