கண்ணாடியில் ஒரு கண்



போன வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் அலுவலக வாசலில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, நம் இதழின் நெடுநாள் வாசகி. "தம்பி, இதில மஞ்சள் லைற் ஒண்டு எரிஞ்சிட்டே இரிக்கு. என்னண்டு ஒருக்காப் பாருங்களன்" என்றார். மகன் வாங்கிக் கொடுத்த கார், யப்பானில் பாவித்தது. டாஷ்போர்ட் பெட்டிக்குள் தடித்த கையேடு இருந்தது. அதில் ஒரு எழுத்தும் எங்களுக்கு விளங்கவில்லை.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. முன்கண்ணாடியின் உச்சியில், நடுவில், மாமாங்கேசுவரர் படம். அதை மெல்ல உரித்துப் பார்த்தால் பின்னால் கட்டைவிரல் நகமளவு கமெரா! முன்னால் போகும் வாகனத்தையும் ஆட்களையும் பாதையின் வெள்ளைக் கோட்டையும் பார்க்கிற கண் அதுதான். மோதப்போகிறது என்று கண்டால் சத்தமிட்டு, தானே பிரேக்கும் பிடிக்கும். அந்தக் கண்ணைப் பக்தியோடு மூடி வைத்திருக்கிறோம். இஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது.

இலங்கைக்கு வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடையில் ஐந்து வருடம். அதற்குள் யப்பானில் சின்னக் கார்களில்கூட இந்த வசதிகள் பரவலாகிவிட்டன. இப்போது அவை ஒரேயடியாக நம் ஒழுங்கைகளுக்குள் வருகின்றன, யப்பானிய மொழி பேசிக்கொண்டே. ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லுமே, அநேகமாக அது "கட்டண அட்டை போடப்படவில்லை" என்பதுதான். அந்நாட்டு அதிவேகப் பாதைகளில் காசு அறவிடும் அட்டை அது, நமக்குத் தேவையில்லை. வானொலியும் அப்படித்தான். அங்கே பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது, நமக்கு 88 முதல் 108 வரை. மாற்றுக் கருவி பூட்டாவிட்டால் நம் நிலையங்களில் பல கேட்காது.

வானொலி கேட்காவிட்டால் பாதகமில்லை. பிரேக் விஷயம் அப்படியல்ல. இந்தக் கமெராக்கள் வாகனங்களையும் மனிதரையும் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்டவை. மழை விட்ட இரவில், தார்ச் சூட்டுக்கு நடுப்பாதையில் படுத்திருக்கும் எருமையை அவை காணும் என்று நம்பி ஓடக்கூடாது. லைற் இல்லாத சைக்கிளில், வலையைக் கரியரில் கட்டிக்கொண்டு குறுக்கே வரும் மனிதரும் எப்போதும் அகப்படுவார் என்றில்லை. செங்கலடிப் பக்கமோ வாழைச்சேனைப் பக்கமோ இரவில் ஓடியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

1924-இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களே போக முடிந்தது. எதிர்க்கரையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, ஒதுங்கி நின்று, வழிவிட்டுத்தான் நம் சாரதிகள் பழகினார்கள். 2013-இல் புதுப்பாலம் வந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் அந்தப் பார்வை நமக்கு இன்னும் வேண்டும். புதுக் காரின் கமெராவை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், பதிலாக அல்ல.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசனுப்பி அம்மா அப்பாவுக்குக் கார் வாங்கிக் கொடுக்கிறார்கள். மிகவும் நல்லது. அதோடு ஒரு அரைமணி நேரம் தொலைபேசியில் இருந்து, எந்த வெளிச்சம் எதற்கு, எந்தச் சத்தம் எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் கமெராவைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லி கராஜில் கேளுங்கள்.

உங்கள் காரிலும் விளங்காத வெளிச்சமோ யப்பானிய எழுத்தோ இருந்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். யப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து, அடுத்த இதழில் இரண்டு பக்கம் தமிழில் தருகிறோம். வெட்டி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். அன்று ஆசிரியை மாமாங்கேசுவரர் படத்தைப் பக்குவமாக வாங்கி, ஸ்டேரிங்குக்கு இடப்பக்கம், கண்ணில் படும் இடத்தில் ஒட்டிக்கொண்டு போனார்.

அன்புடன்,
ஆசிரியர்
புளியந்தீவு